நாலு பேர் அறையில் தலை தீபாவளி

பட்டாசு ஆலையின் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடி ஆபிஸுக்குப் போய்வருகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். சுமார் பத்துக்குப் பத்து அறை. ஆபத்து என்றால் பாய்ந்து வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வாசல். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடைவெளி. உள்ளே நாலே பேர். இந்தக் கணக்கெல்லாம் காற்றில் பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளமும் சாட்சி. முதல் விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், இரண்டாவதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

வேலை முடிந்து அந்தப் பெண் திரும்புகிற வீட்டின் அறையும் ஏறக்குறைய அதே அளவுதான். வாசல் மட்டும் ஒன்று. அங்கே ஆள் கணக்குக்கு விதி கிடையாது. மகளுக்குக் கல்யாணம் முடித்து முதல் தீபாவளி வருகிறது என்றால், அந்த அறைக்குள் பதினைந்து பேர் சாப்பிட்டாக வேண்டும். புதுமாப்பிள்ளையும் மகளும் இரண்டு ராத்திரி தங்கியாகவும் வேண்டும்.

பெரிய வீட்டில் விருந்து வைப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? காசு இருந்தால் போதும். சின்ன வீட்டு விருந்துதான் வித்தை. தமிழ்நாட்டில் அந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தவர்கள் யார் என்று தேடினால், வள்ளுவரை இழுக்காமலே, இந்தக் கரிசல்காட்டு வெடித் தொழிலாளர் குடும்பங்களைக் கைகாட்டிவிடலாம். அவர்கள் விருந்தாளிக்கு இடம் கண்டுபிடிப்பது ஒரே வழியில்தான். வீட்டிலிருப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிடுவார்கள். முதலில் சாமான்கள் போகும். அப்புறம் ஆண்கள், பிள்ளைகள். எல்லோருக்கும் கடைசியில் சாப்பிட்டு, எங்கோ ஒரு மூலையில் படுத்துக்கொள்வது அந்த வீட்டு அம்மா.

இந்தியா முழுக்கத் தீபாவளிக்கு வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு விருதுநகர் மாவட்டத்தில் இருந்துதான் போகிறது. வருஷம் முழுக்க மற்றவர்களின் தீபாவளிக்காக உழைக்கிற இந்த ஊர்களுக்கு, தங்கள் தீபாவளி தொடங்குவதே கடைசி நேரத்தில்தான். பண்டிகைக்குச் சில நாள் முன்புவரை வேலை இருக்கும். போனஸ் கைக்கு வந்த பிறகுதான் துணி, எண்ணெய், மளிகை. அன்றைக்குச் சிவகாசி, சாத்தூர் கடைத்தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. போனஸை மட்டும் நம்பி யாரும் சம்பந்திக்குச் சொல்லி அனுப்புவதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரா வாரம் எடுத்துக் கட்டிவந்த தீபாவளிப் பண்டு கைகொடுக்கும். தெருவில் பத்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுகிற கறி கைகொடுக்கும். இரண்டும் போதாத வீட்டில் மகளிர் குழுக் கடன் இருக்கிறது. அதன் தவணை தை, மாசி வரைக்கும் வரும். மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் எந்தக் கணக்கில் வந்தது என்பது அந்த வீட்டுக்காரிக்கும் குழுத் தலைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு, சரம் பின்னியே பிழைத்த பெண்களுக்கு வேலை குறைந்தது. அந்தக் கை குறைந்த வருஷங்களிலும் தலை தீபாவளியைத் தள்ளிப்போட முடியாது. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம். கல்யாணம் முடிந்துவிட்டால் முதல் தீபாவளி வந்தே தீரும்.

இப்படி ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்ப்போம். ஊர், தெரு வேண்டாம். வாசலில் காரை பெயர்ந்த ஒற்றைப் படி. உள்ளே ஒரு அறை, அதை ஒட்டி அடுப்படி, பின்னால் கழிப்பறை. அறைக்குள் ஒரு பீரோ, ஒரு கட்டில், அரசு கொடுத்த கிரைண்டர், சுவரில் டி.வி., ரேஷன் அரிசி மூட்டை, நாலைந்து பிளாஸ்டிக் குடம், மூலையில் தீப்பெட்டிக் குச்சி அடுக்குகிற கட்டைகள். மாப்பிள்ளை வருகிறார் என்றதும் முதல் வேலை இவற்றில் பாதியை ஒழிப்பது. அரிசி மூட்டை பக்கத்து வீட்டுக்கு, கட்டைகள் எதிர்வீட்டுத் தாழ்வாரத்துக்கு, குடங்கள் வாசலுக்கு. கிரைண்டரைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும் என்பதால் அது மட்டும் மேலே ஒரு பூப்போட்ட துணியோடு அங்கேயே மேஜையாகிவிடும். பதிலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து வருபவை: பெரிய குக்கர், பத்து சில்வர் தட்டு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, புதுப் போர்வை ஒன்று. அந்த வீட்டு மகளுக்குத் தலை தீபாவளி வரும்போது இதே சாமான் இதே வழியில் திரும்பி நடக்கும்.

கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி. மாப்பிள்ளைக்கான பட்டாசு. இந்த ஊரில் அது விலை மலிவு; ஆபிஸில் சொல்லி வாங்கியதாகவும் இருக்கும். எத்தனை வருஷம் வெடிமருந்தோடு பழகியவர்களும் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடுவார்கள். பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான். தயவுசெய்து அந்தப் பெட்டியைப் பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், அல்லது அடுப்பு எரியாத வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வந்தவுடன் காபி, சாத்தூர்க் காராச்சேவு, சீனி மிட்டாய். மாப்பிள்ளைக்குக் கட்டிலில் இடம். மாமனார் வாசல் பக்கம் நிற்பார். உட்கார இடமில்லாமல் நிற்பது பார்க்க மரியாதை மாதிரி தெரியும். கொழுந்தியாள் அடுப்படி நிலையில் பாதி உடம்பு தெரிய நிற்பாள். ஓரிரு வார்த்தை பேசியதும் பேச ஒன்றும் இருக்காது. அதற்கென்றே டி.வி.

தீபாவளியன்று காலையில் இட்லியும் கறிக்குழம்பும். தென்மாவட்டங்களில் பல வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை தவறாத வழக்கம் இது. விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, காலை 6 மணி முதல் 7 மணிக்குள் மாப்பிள்ளை பட்டாசு வெடித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதித்திருப்பது காலையில் அந்த ஒரு மணி நேரமும் ராத்திரி 7 முதல் 8 வரை இன்னொரு மணி நேரமும்தான். பட்டாசு செய்கிற ஊருக்கும் அதே கடிகாரம். இதனால் சின்ன வீட்டுக்கு ஒரு லாபம் உண்டு. அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் தெருவில் இருப்பார்கள். வீடு காலியாகக் கிடக்கும். இட்லித் தட்டை இறக்கி, குழம்பைத் தாளித்து, ஈரத் தரையைத் துடைத்து, பாய் விரித்து முடிக்க அதுதான் நேரம்.

மதிய விருந்துக்குப் பாய் விரித்தால் கணக்கு ஆரம்பம். சம்மணம் போட்டு உட்காருகிற ஆளுக்கு இரண்டு அடி. கட்டில் போக மிச்சமுள்ள சுவரோரம் ஒரு பக்கம் நாலு இலை, எதிர்ப் பக்கம் நாலு இலை. நடுவில் பரிமாறுபவர் நடக்க ஒன்றரை அடி விட வேண்டும், அதுவும் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ஆக எட்டுப் பேர். ஒன்பதாவது இலை போட்டால் பரிமாறுபவரின் சேலை யாராவது ஒருவரின் ரசத்தில் நனையும். அதனால் பந்தி. முதல் பந்தியில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, தம்பி, அத்தை வீட்டு ஆண்கள். பிள்ளைகளுக்குத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்து வாசல்படியில் உட்கார வைத்தாகிவிட்டது. இரண்டாவது பந்தி மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு.

பெரிய வீட்டு விருந்தில் இல்லாத ஒரு நெருக்கடி இங்கே இருக்கிறது. சாப்பிடுகிறவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே குழம்புச் சட்டியின் அடி தெரியும். எத்தனை துண்டு கறி மிச்சம், அடுத்த பந்திக்குப் போதுமா என்பதை மறைக்க முடியாது. வீட்டுக்கார அம்மா கறியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். கரண்டியால் துழாவி, ஈரலும் நெஞ்செலும்பும் மாப்பிள்ளை இலைக்குப் போகும்படியும், சம்பந்தி இலையில் வெறும் எலும்பு விழுந்துவிடாதபடியும் அவர்தான் எடுத்து வைப்பார். விவரமான விருந்தாளியும் அந்தச் சட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். சட்டி பாதிக்குக் கீழே இறங்கியதும் இலையின் மேல் கை குறுக்கே வந்துவிடும். “போதும் அத்தை, வயிறு நிறைஞ்சிருச்சு.” அத்தை விடாமல் இன்னும் ஒரு கரண்டி போடுவார், அதில் குழம்பு நிறைய இருக்கும், கறி ஒன்று இருக்கும். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவியதும் உள்ளே வரக் கூடாது. இதை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். வெற்றிலைத் தட்டு எதிர்வீட்டுப் படியில் இருக்கும். பேச்சு, கேலி, யார் வீட்டில் என்ன வரன், எந்த ஆபிஸில் எவ்வளவு போனஸ், எல்லாம் அங்கேதான். டைனிங் டேபிள் வீடுகளில் சாப்பாட்டோடு பேச்சு ஓடுகிறது. அதனால் ஒருவர் ஒரு நாற்காலியை ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொள்கிறார். இங்கே சாப்பாடு இருபது நிமிஷம். பேச்சு தெருவில் பொழுது சாயும்வரை. ஒரே அறையில் பதினைந்து பேருக்கு விருந்து நடப்பதன் சூட்சுமம் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. நகரத்து ஒற்றை பெட்ரூம் பிளாட்டில் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மடக்கு மேஜைக்கு அலைகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையை எங்காவது கூட்டிப்போக வேண்டும். ஊர் சுற்றிக் காட்ட என்று சொல்வார்கள். உண்மையில் அது வீட்டைக் காலி செய்ய. மச்சான்காரன் பைக்கை எடுப்பான். வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டை அணை இருக்கிறது. ஐப்பசியில் மழை பெய்திருந்தால் பார்க்கத் தண்ணீரும் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன். இப்போது சுற்றிக் காட்ட மூன்றாவதாக ஓர் இடமும் சேர்ந்திருக்கிறது. விஜயகரிசல்குளத்துப் பக்கம் ஆற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் பாசிமணிகளும், கூடவே சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் கிடைத்தன. பழங்காலத்துக்காரர்களுக்கும் சாப்பிட்டு முடித்துக் காய் நகர்த்தி விளையாட நேரம் இருந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் பெண்களுக்கு இடம் இருந்ததா என்று சுடுமண் காயைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வீட்டில் இல்லை. ஆண்கள் அணைக்குப் போன பிறகு, மணி மூன்று தாண்டி, கடைசிப் பந்தி உட்காரும். அம்மா, அவருடைய தங்கை, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு மதினி, கொழுந்தியாள். இலை மிச்சமிருந்தால் இலை, இல்லாவிட்டால் தட்டு. கறி தீர்ந்திருக்கும். சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை. அதுதான் ருசி என்று அவர்களே சொல்வார்கள். சட்டிச் சோறு ருசிதான், சந்தேகமில்லை. ஆனால் பந்தி என்ற அருமையான ஏற்பாடு எப்போதும் ஒரே திசையில் நகர்வதையும், கடைசி இடம் யாருக்கு என்பதில் எந்த வருஷமும் மாற்றமில்லை என்பதையும் ருசி சொல்லி மூடிவிட முடியாது. வாரத்துக்கு ஆறு நாள் மருந்து வாடையில் உட்கார்ந்து சம்பாதிப்பதும் அந்தக் கடைசிப் பந்திக்காரிகள்தான்.

ராத்திரி இன்னும் பெரிய பாடு. சித்திரை, வைகாசியாக இருந்தால் மொட்டை மாடி என்று ஒரு பெரிய அறை ஆகாயம் பார்க்க இருக்கிறது. கான்கிரீட் வீடென்றால் ஊரே ஏறிப் படுக்கலாம். தீபாவளியோ வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. மாடி நனைந்து கிடக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அறையை விட்டாக வேண்டும். அப்பா கோயில் மண்டபத்துக்கோ ஊர்ச் சாவடிக்கோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். தம்பி சிநேகிதன் வீட்டுக்கு. அம்மாவும் தங்கையும் அரிசி மூட்டை போன அதே பக்கத்து வீட்டுக்கு. விடிகாலை நாலு மணிக்கு அம்மா திரும்பி வந்து, சாத்திய கதவைத் தட்டவும் முடியாமல், அடுப்பு மூட்டவும் முடியாமல், வாசல் தெளிக்கிற சாக்கில் வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். சங்கடம் இரண்டு பக்கமும் உண்டு. முதல் ராத்திரி மாப்பிள்ளைக்கே தூக்கம் வருமா என்பது சந்தேகம். தன்னால் நாலு பேர் வெளியே போய்ப் படுத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் வீடும் இதே அளவுதான்.

கழிப்பறை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பல கிராமங்களில் வீட்டோடு கழிப்பறை வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு மாப்பிள்ளை அழைப்பில் பெரிய கவலையே காலையில் அவரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதாக இருந்தது. பெண் வீட்டார் கைகாட்டிய கண்மாய்க் கரையில் கருவேலம் புதர் எத்தனையோ குடும்ப மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பி நூறு வருஷம் ஆயிற்று. தொழில் தீப்பெட்டியில் இருந்து பட்டாசுக்கும் அச்சுக்கும் வளர்ந்தது. திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி 2021-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தொழிலாளியின் வீடும் வளரத்தான் செய்தது, அடி அடியாக. 2010-ல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் வீட்டின் அளவு 200 சதுர அடி. 2011-ல் ஜெயலலிதா கொண்டுவந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360. இரண்டு கட்சி ஆட்சிகளும் சேர்ந்து பதினாலு வருஷத்தில் 160 சதுர அடி கூட்டியிருக்கின்றன. அதே காலத்தில் சீர்வரிசையில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்ந்துவிட்டன. கூடிய இடத்தைச் சாமான் எடுத்துக்கொண்டது. மனிதர் உட்காரும் தரை கூடவே இல்லை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த கட்டில், பீரோவே மாப்பிள்ளை வீட்டில் விருந்தாளியை வெளியே தள்ளுகிறது என்பதை எந்தச் சம்பந்தியும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இடப் பற்றாக்குறையைத் தெரு ஈடுகட்டியது. வாசல்படி, எதிர்வீட்டுப் படி, வேப்பமரத்தடி எல்லாம் சேர்ந்துதான் அந்த வீட்டின் கூடம். அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறி, இன்றுவரை எழுப்புகிற மாடிக் குடியிருப்புகளில் மூன்றாவது மாடிக்காரருக்குப் படிக்கட்டுதான் தெரு. அங்கே வளைகாப்பு என்றால் படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே வீடமைப்பு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் தரைத்தளத்தை வீடில்லாமல் திறந்தவெளியாக விட்டார்கள். மலாய்க்காரர் கல்யாணமும் தமிழர் வீட்டுத் துக்கமும் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் நடக்கின்றன. மேலே வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கீழே நூறு பேருக்குப் பந்தி போட இடம் இருக்கிறது. நம் ஊர் தனியார் பிளாட்டுகளில் அந்தத் தரைத்தளம் கார்களுக்குப் போய்விட்டது. விருந்தாளி வந்தால் காரை எடுத்து வெளியே விடச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கனவு இல்லத் திட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் இந்த 60 அடியை இன்னொரு சாமான் அறையாக மாற்றாமல், வீட்டின் முன்பக்கம் பத்துக்கு ஆறு திண்ணையாக இழுத்துக் கட்டலாம். மழையில் நனையாது. ஒரு வரிசையில் ஐந்து இலை போடலாம், முன்னால் நடந்து பரிமாறவும் இடம் மிஞ்சும். உள்ளே எட்டு, வெளியே ஐந்து. பிள்ளைகளை வாசல்படியில் வைத்தால் ஒரே பந்தியில் விருந்து முடிந்துவிடும். ராத்திரி அப்பா சாவடிக்குப் போக வேண்டாம். மதியம் மூன்று மணிவரை அம்மா பட்டினியாக நிற்கவும் வேண்டாம்; ஆண்கள் யாராவது இரண்டு பேர் குழம்புச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டால்.